பெர்த்திலிருந்து ஒரு கட்டம்

திருப்பூர்
19 ஜனவரி 2025

வினிதாவுக்கு,

இந்த மின்னஞ்சல் முகவரி உன் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் கிடைத்தது. உன் படத்துக்குக் கீழே காணொளிப் பிரிவு என்று போட்டிருக்கிறார்கள். முடியைக் கழுத்தோடு வெட்டியிருக்கிறாய். அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. இது தொழில்நுட்ப உதவி கேட்கும் கடிதம். அவ்வளவுதான்.

நம் பக்கம் இப்போது எங்கே பார்த்தாலும் வள்ளி கும்மி. கன்னையன் வாத்தியார் மங்கலத்தில் ஒரு குழு சேர்த்துக் கற்றுக்கொடுக்கிறார். விசைத்தறிக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் பயிற்சி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் அம்மா வயதுக்காரர்கள் வரை ஆடுகிறார்கள். அம்மாவும் ஆடுகிறாள், மூன்றாவது வரிசை. நானும் சேர்ந்தேன். இரண்டாம் வாரமே என் முழங்கால் முடியாது என்று சொல்லிவிட்டது.

ஏப்ரலில் குன்னத்தூரில் அரங்கேற்றம். நிட்டிங் கம்பெனி அப்புசாமி அண்ணன்தான் கமிட்டித் தலைவர். அதை நேரலையாகக் காட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. வெறும் நேரலை போதாது. முன்பு வாத்தியாரிடம் கற்றுக்கொண்டு வெளிநாடு போனவர்கள் நான்கு பேர் அங்கங்கே இருந்தபடியே கூட ஆட வேண்டும். அவர்களும் மைதானமும் ஒரே திரையில் கட்டம் கட்டமாகத் தெரிய வேண்டும். "அதெல்லாம் ஆருக்குங்க தெரியும்?" என்று யாரோ கேட்டார்கள். என் வாய் சும்மா இருக்கவில்லை. "நான் பண்றனுங்க" என்று சொல்லிவிட்டேன். கம்பெனி வேலையை விட்டதிலிருந்து நான் இப்படி எதையும் முந்திக்கொண்டு சொன்னதில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மகன் நித்தீஷ் ஹாஸ்டலுக்குப் போனபின் அவன் கேம் விளையாடிய கம்ப்யூட்டர் தூசி படிந்து கிடந்தது. இலவசமாகக் கிடைக்கும் வீடியோ மிக்ஸிங் மென்பொருள் ஒன்றை அதில் இறக்கினேன். கேமராவை மாட்டினால் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக ஓடுகிறது. மெதுவாக மேலே ஏறுகிறது. பின்னால் தொங்கவிட்டிருந்த சர்ப்ளஸ் துணியில்தான் கோளாறு என்று நினைத்தேன். நூல் லாட் மாறினால் நிட்டிங்கில் பட்டை விழுமே, அது மாதிரி. துணியை மாற்றினேன். போகவில்லை. இன்னொன்று மாற்றினேன். உன் மாமா சாயப்பட்டறையிலிருந்து வந்தவர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "இது டையிங் இல்ல. நிட்டிங்காரன் பண்ணுனது. எங்க மேல பழி போடாத" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். கடைசியில் துணியையே எடுத்துவிட்டேன். வெறும் சுவரிலும் பட்டை ஓடுகிறது. சுவரை எந்த மெஷினில் நிட் செய்தார்களோ தெரியவில்லை.

காரணம் என்ன? பதில் எழுத விருப்பம் இல்லையென்றால் எழுத வேண்டாம்.

ஜெயபாரதி


பெர்த்
21 ஜனவரி 2025

ஜெயபாரதி அவர்களுக்கு,

உங்கள் கேள்வி கிடைத்தது.

துணியிலும் குற்றமில்லை, சுவரிலும் குற்றமில்லை. உங்கள் அறையில் எரியும் டியூப்லைட் கண்ணுக்குத் தெரியாமல் துடித்துக்கொண்டே இருக்கிறது. இந்தியாவில் மின்சாரத்தின் துடிப்பு நொடிக்கு ஐம்பது. கேமரா அறுபது என்று நினைத்துக்கொண்டு படம் பிடிக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் பட்டை. மென்பொருளில் கேமராவின் பெயரை இருமுறை அழுத்துங்கள். அமைப்புகள் திறக்கும். அங்கே 'பவர் லைன் ஃப்ரீக்வென்சி' என்று ஒன்று இருக்கும். அறுபதை ஐம்பதாக மாற்றுங்கள்.

மாமாவிடம் நிட்டிங்காரர்களும் நிரபராதி என்று சொல்லிவிடுங்கள்.

இத்தனை வருஷம் கழித்து உங்களை எனக்கு எழுத வைத்தது ஒரு டியூப்லைட். என் கல்யாணத்தால் முடியவில்லை. அப்பாவின் சாவால்கூட முடியவில்லை. அதையும் நான் வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

வேறு தொழில்நுட்பக் கேள்விகள் இருந்தால் எழுதலாம்.

வினிதா


திருப்பூர்
2 பிப்ரவரி 2025

வினிதா,

பட்டை போய்விட்டது. ஐம்பது என்று மாற்றிய நொடியில் சுவர் சுவராகிவிட்டது. நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். கம்பெனியில் துணி வாங்கும் பையர் முதல் சாம்பிளிலேயே ஓகே சொன்னால் வருமே, அந்த மாதிரி ஒரு சந்தோஷம்.

நீ 'நீங்கள்' என்று எழுதியதை நான் கவனிக்காமல் இல்லை. உன் கடிதத்தின் கடைசிப் பகுதிக்கு இரண்டு முறை பதில் எழுதி இரண்டையும் அழித்துவிட்டேன். எழுதத் தெரியவில்லை. முதலில் கோளாறுகளைச் சொல்கிறேன். அது எனக்குச் சுலபம்.

ஒரு கேமரா இருந்தால் ஓடுகிறது. இரண்டாவதை மாட்டினால் முதலாவது கருப்பாகிவிடுகிறது. இரண்டும் எப்படியோ வந்துவிட்டால் கம்ப்யூட்டர் காற்றாடி லாரி மாதிரி சத்தம் போடுகிறது, கீழே சிவப்பு எழுத்தில் என்னவோ சுமை என்று வருகிறது, படம் விக்கி விக்கி ஓடுகிறது. சத்தமும் இரட்டையாகக் கேட்கிறது. கன்னையன் வாத்தியார் பாடியதைப் பதிவு செய்து போட்டுப் பார்த்தேன். கிணற்றுக்குள் இரண்டு கன்னையன்கள் போட்டி போட்டுப் பாடுவது போல இருந்தது. அவரிடம் போட்டுக் காட்டினேன். "ஒரு கன்னையனையே ஊருக்காரங்க தாங்கறதில்லைங்க" என்றார்.

சோதனைக்கு ஆள் வேண்டுமே. நானே அறையில் கேமரா முன்னால் நின்று ஆடிப் பார்த்துக்கொள்கிறேன். முழங்காலுக்குக் குதிப்பு ஆகாது, நடையாக வைத்து ஆடுகிறேன். எல்லாப் பாட்டுக்கும் அடி தெரியும். மைதானத்தில் இறங்கித்தான் என்னால் ஆட முடியாது. கதவைச் சாத்திக்கொண்டு, நேரலை அனுப்புவது எப்படி என்று பழகுவதற்காக, டிசம்பரிலிருந்தே தினமும் காலையில் ஒரு பாட்டு. யாரும் பார்ப்பதில்லை என்பது வசதியாக இருக்கிறது.

உன் கல்யாணத்துக்கு நான் வரவில்லை. அதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

ஜெயா


பெர்த்
4 பிப்ரவரி 2025

அக்கா,

முதலில் கோளாறுகள். உனக்கு மட்டுமா அது சுலபம்.

இரண்டு கேமராவையும் ஒரே யுஎஸ்பி பெட்டியில் சொருகியிருப்பாய். ஒன்றைக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் நேராகச் சொருகு. சிவப்பு எழுத்து வருவது, படத்தைச் சுருக்கி அனுப்பும் வேலை முழுவதும் செயலியின் தலையில் இருப்பதால். நித்தீஷ் கேம் விளையாடிய கம்ப்யூட்டர் என்றால் அதில் நல்ல கிராபிக்ஸ் கார்டு இருக்கும், சம்பளமில்லாமல் உட்கார்ந்திருக்கும். 'என்கோடர்' என்ற இடத்தில் அதைத் தேர்ந்தெடு. படத்தின் அளவை 720க்கு இறக்கு. ஃபோனில் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டு கன்னையன்களில் ஒருவர் மைக் வழியாகவும் இன்னொருவர் கம்ப்யூட்டர் சத்தம் வழியாகவும் வருகிறார். மைக்கை மூடு. ஹெட்ஃபோன் போட்டுக்கொள்.

இனி மற்றது.

யாரும் பார்ப்பதில்லை என்று எழுதியிருக்கிறாய். உன் நேரலையின் ஓரத்தில் பார்வையாளர் இரண்டு என்று காட்டியிருக்குமே. ஒன்று உன் ஃபோன். இன்னொன்று நான். டிசம்பர் கடைசியில் மங்கலம், கும்மி என்று போட்டுத் தேடியபோது உன் சேனல் வந்தது. படம் இருட்டு, குறுக்கே அந்தப் பட்டை வேறு, உன் தலை பாதிதான் தெரிந்தது. ஆனால் கையைத் தட்டுவதற்கு முன்னால் தோளை ஒரு தரம் ஏற்றுவாயே, அதை வைத்தே நீ என்று தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் அலுவலகத்தில் மதிய உணவை வைத்துக்கொண்டு பார்க்கிறேன். வீட்டுக்கு வந்து கேரேஜில் ஆடுகிறேன். வீரணன் காரை வெளியே நிறுத்தப் பழகிவிட்டார்.

எனக்கும் எல்லாப் பாட்டுக்கும் அடி தெரியும்.

என் கல்யாண வீடியோவை நீ பார்த்திருக்க மாட்டாய். மாப்பிள்ளை பக்கம் தேனியிலிருந்து ஒரு வேன் ஆட்கள். என் பக்கம் யாரும் இல்லை. ஃப்ரேம் காலியாகத் தெரிகிறது என்று வீடியோக்காரர் வீரணனின் அக்கா ஆயம்மாளை என் பக்கம் நகர்ந்து நிற்கச் சொன்னார். அவர் நின்றார். நாள் முழுக்க நின்றார். நான் இந்த வேலைக்கு வந்து எத்தனையோ ஃப்ரேம் பார்த்துவிட்டேன். அந்த ஃப்ரேம் மட்டும் எனக்குச் சரியாக வரவில்லை.

உன் திரையில் வெளிநாட்டுக் கட்டங்கள் நான்கு என்று சொன்னாய். ஐந்தாவதாக ஒன்று போட இடம் இருக்கிறதா? மென்பொருளில் இருக்கிறது, எனக்குத் தெரியும். நான் கேட்பது மற்ற இடத்தை.

வினிதா


திருப்பூர்
23 பிப்ரவரி 2025

வினி,

கேமராக்கள் இரண்டும் வந்துவிட்டன. சிவப்பு எழுத்து இல்லை. ஒரே ஒரு கன்னையன். அந்த மட்டில் நன்றி.

மற்றதை எப்படி எழுதுவது என்று நாள்களைக் கடத்திவிட்டேன். நேற்றுப் பயிற்சி முடிந்ததும் கமிட்டிக்காரர்கள் இருக்கும்போது கேட்டேன். எங்கள் வினிதாவும் ஆடட்டுமா என்று. சுற்றி இருந்தவர்கள் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டார்கள்.

அப்புசாமி அண்ணன் கோபப்படவில்லை. அவர் எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவார். "அம்மிணி, உங்க மனசு எனக்குப் புரியுதுங்க. ஆனா ஒவ்வொரு கட்டத்துக்கு அடியிலயும் பேரு, குலம் கூட்டம், ஊருன்னு போடறமல்லங்க? அந்தப் புள்ளைக்குக் கூட்டம்னு என்னத்தப் போடுவீங்க? வேற சாதியில கட்டிக்கிட்டுப் போனதுக்கு என்ன கூட்டமுங்க?"

வாத்தியார் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டே, "அப்படிப் பாத்தா வள்ளிக்கு என்ன கூட்டம்னு போடறதுங்க? குறவர் ஊட்டுப் புள்ள. நாம விடிய விடியப் பாடறதே அதத்தானுங்களே" என்றார்.

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அப்புசாமி அண்ணனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "வாத்தியாரே, அது சாமி கதைங்க. இங்க நம்ம புள்ளைக பாக்குதுக" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

வினி, பையரிடம் நிற மாதிரிக்காக மணிக்கணக்கில் வாதாடியிருக்கிறேன். இந்த நீலம் நீங்கள் கேட்ட நீலம்தான் என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன். நேற்று நாக்கு எழவில்லை. அம்மா பக்கத்தில் நின்றிருந்தாள். ஸ்கூட்டரில் வரும்போது அவள் கை என் தோள் மேல் இருந்தது. அவினாசி ரோடு வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை.

ஆயம்மாள் இப்போது எங்கே இருக்கிறார்? நலமா?

அக்கா


பெர்த்
24 பிப்ரவரி 2025

அக்கா,

கேட்டிருக்கவே கூடாது. நான் கேட்டதும் தப்பு, நீ போய் அங்கே கேட்டதும் தப்பு. வேண்டாம். விட்டுவிடு.

ஆனால் உன் ஒத்திகையை நேற்று உன் சேனலில் பார்த்தேன். அதைப் பார்த்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்த நான்கு கட்டங்களும் தாளம் தப்புகின்றன. மைதானத்தில் கை தட்டி முடித்தபிறகு சிங்கப்பூர் தட்டுகிறது, அது முடிந்தபிறகு மெல்போர்ன் தட்டுகிறது. கும்மியில் கை தட்டல் ஒன்றாக விழாவிட்டால் அது கும்மியே இல்லை. ஆடுகிறவர்கள் மேல் தவறில்லை. மைதானத்தின் பாட்டு அவர்களுக்குப் போய்ச் சேர நேரம் ஆகிறது. அவர்கள் ஆடுவது உன்னிடம் திரும்பி வர இன்னும் கொஞ்சம். அவர்களை வேகமாக்க உன்னால் முடியாது. உன் மைதானக் காட்சியையும் அதன் சத்தத்தையும்தான் தாமதப்படுத்த வேண்டும். இருப்பதிலேயே தூரமான கட்டம் எதுவோ, மற்ற எல்லாரும் அதற்காகக் காத்திருக்க வேண்டும்.

மைதானத்தில் ஒருவரை ஒரே ஒரு முறை கை தட்டச் சொல். அது கேட்டதும் கட்டங்களில் இருப்பவர்களும் தட்டட்டும். பதிவு செய்து, படத்தை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தால் யாருக்கு எவ்வளவு தாமதம் என்று தெரிந்துவிடும். மைதானக் காட்சியில் வலது பக்கம் அழுத்தினால் 'டிலே' போடும் இடம் வரும்.

வேலை சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதினேன். வேறு காரணம் இல்லை.

ஆயம்மாள் போடியில் இருக்கிறார். நலம். நான் ஒவ்வொரு ஞாயிறும் பேசுகிறேன்.

வினிதா


திருப்பூர்
16 மார்ச் 2025

வினி,

தாமதம் போட்டேன். நேற்று ஒத்திகையில் சிங்கப்பூர், மெல்போர்ன், துபாய், டல்லஸ், மங்கலம் எல்லாம் ஒரே தட்டாகத் தட்டின. வாத்தியார் என் ஃபோனில் பார்த்துவிட்டு, "என்னம்மிணி, மந்திரமா போட்டீங்க?" என்றார். என் தங்கச்சி சொன்னாளுங்க என்றேன். பலர் நடுவில் உன்னைப் பற்றி அப்படி ஒரு வாக்கியம் சொல்லி எத்தனை காலம் ஆகிவிட்டது. வாய் தித்தித்தது.

அந்தத் தித்திப்போடே அப்புசாமி அண்ணனிடம் போனேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணா, ஒரு சேதிங்க. எங்க வினிதா பெர்த்துல இருந்து ஆடறாளுங்க. அஞ்சாவது கட்டம்."

"அன்னைக்கே சொன்னனல்லங்க அம்மிணி?"

"சொன்னீங்க. அன்னைக்கு நான் பேசாம இருந்துட்டனுங்க. இன்னைக்குச் சொல்றனுங்க. உங்களுக்குத் தெரியாமப் போட்டுட்டு அப்பறம் நெட்டு கோளாறுன்னு சொல்ல எனக்கு இஷ்டமில்லீங்க."

"அப்ப கமிட்டி வேற ஆளத்தானுங்க பாக்கோணும்."

"பாருங்க. வர்றவங்களுக்கு எல்லாத்தையும் நானே சொல்லிக் குடுத்துட்டுப் போறனுங்க."

அப்போதுதான் அம்மா வந்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நின்று கேட்டிருக்கிறாள். "ஏனுங்க, அந்தக் கம்ப்யூட்டரு எங்கூட்டுல தானுங்களே இருக்குது?" என்றாள். அவர் ஆமாங்க என்றார். "எங்கூட்டுக்குள்ள ஆரு வரோணும், ஆரு வரக்கூடாதுன்னு நாங்கதானுங்க சொல்லோணும். உங்க கம்பெனிக்குள்ள வந்து நாங்க சொல்றமுங்களா?"

மூன்றாவது வரிசையே அங்கே கூடிவிட்டது. மருதக்கா ஆடலைன்னா நாங்களும் ஆடலீங்க என்று ஒருத்தி சொன்னாள். அம்மா ஆடமாட்டேன் என்று சொல்லவே இல்லை. ஆனால் அதைத் திருத்தவும் இல்லை.

அப்புசாமி அண்ணன் கூடி நின்றவர்களை ஒரு தரம் எண்ணிப் பார்த்தார். பிறகு, "சரி. கட்டத்தச் சின்னதா வெச்சுக்குங்க அம்மிணி. ஓரமா" என்றார்.

சரிங்க என்றேன். உன்னிடம் இதை மறைக்க விரும்பவில்லை. சின்னது, ஓரம். கீழே வலது மூலை. உனக்கு அது அவமானமாக இருந்தால் சொல், போடவில்லை.

பெயருக்கு அடியில் என்ன எழுதுவது என்று அம்மாவிடம் கேட்டேன். "எம் புள்ளைன்னு எழுது. அதுல என்ன யோசனை?" என்றாள். மற்றவர்களுக்குக் கூட்டத்தின் பெயர் இருக்கும் இடத்தில் உனக்கு 'மருதம்மாள் மகள்' என்று அடித்து வைத்திருக்கிறேன்.

அக்கா


பெர்த்
18 மார்ச் 2025

அக்கா,

மூலை என்பதைப் படித்துவிட்டுக் கேரேஜ் விளக்கை அணைத்துவிட்டு வந்தேன். அந்த மூலைக்குப் போக மாட்டேன் என்று வீரணனிடம் சொன்னேன். அவர் உன் கடிதத்தை வாங்கி முழுவதும் படித்தார். "ஒங்கம்மா வாசல்ல நின்னு சண்ட போட்ருக்காக, நீ உள்ள போகாம ரோட்லயே நிக்கிறேங்குறியே" என்றார்.

போடு. மூலையிலேயே போடு. ஆனால் ஒன்று சொல்கிறேன், ஐந்து கட்டங்களில் ஒரு ஃப்ரேம்கூட விடாமல் வரும் கட்டம் என்னுடையதாகத்தான் இருக்கும். மற்றவர்கள் வைஃபையில் வருவார்கள். நான் வீட்டுக்குள்ளிருந்து கேரேஜ் வரை கேபிள் இழுத்துவிட்டேன். நல்ல மைக்கும் வைத்திருக்கிறேன். உனக்கு வேண்டாமென்றால் மூடி வை.

மைதானத்தில் இணைப்பு எங்கிருந்து வருகிறது? ரௌட்டருக்கு மின்சாரம் போனால் என்ன செய்வாய்?

என் பெயருக்கு அடியில் வரும் அந்த இரண்டு வார்த்தைக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. எழுதினால் நீள்கிறது.

வினி


திருப்பூர்
7 ஏப்ரல் 2025

வினி,

அரங்கேற்றத்தை நீ அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாய். இந்தப் பக்கம் நடந்தது உனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

வீட்டில் நான் தனியாக இருந்தேன். எல்லாரும் குன்னத்தூரில். மைதானத்தில் இரண்டு ஃபோன்களைத் தாங்கியில் நிறுத்தி, பக்கத்து நிட்டிங் யூனிட்டின் ஃபைபர் இணைப்பில் கோத்திருந்தோம். நீ கேட்டாயே, ரௌட்டருக்கு மின்சாரம் போனால் என்று? யூனிட்டில் ஜெனரேட்டர் இருக்கிறது, கவலையில்லை என்று அவர்கள் சொன்னதை நம்பினேன். ஜெனரேட்டர் மெஷின்களுக்குத்தான், ரௌட்டர் இருந்த ஆபீஸ் அறைக்கு இல்லை என்பது ஐந்தாவது பாட்டில்தான் தெரிந்தது.

வள்ளி தினைப்புனத்தில் கிளி ஓட்டும் பாட்டு. பெண்கள் சுற்றி வருகிறார்கள், அம்மா கேமராவுக்கு நேராக வரப்போகிறாள். அப்போது என் திரையில் மைதானக் கட்டம் இருண்டது. பாட்டும் நின்றது. சிங்கப்பூர்க்காரர் ஹெட்ஃபோனைத் தட்டிப் பார்க்கிறார், துபாய்ப் பெண் கையை விரிக்கிறாள், டல்லஸ் திரைக்குக் கிட்டே வந்து முகத்தைக் காட்டுகிறது. மூவாயிரத்துச் சொச்சம் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கீழே வலது மூலையில் நீ மட்டும் நிற்கவில்லை. ஆடிக்கொண்டே இருந்தாய். உதடு அசைந்தது. ஏதோ தோன்றி உன் மைக்கைத் திறந்தேன். நீ பாடிக்கொண்டிருந்தாய், வினி. பாட்டு எங்கே அறுந்ததோ அங்கேயே பிடித்து, தட்டும் தப்பாமல்.

உன்னைத் திரை முழுவதும் போட்டேன். யோசித்துச் செய்ததாகச் சொன்னால் பொய். நேரலையில் உயிரோடு இருந்தது உன் கட்டம் ஒன்றுதான். ஆனால் போட்ட பிறகு யோசித்தேன். கேரேஜின் சாம்பல் கதவு, மஞ்சள் சேலை, குட்டை முடி, கீழே 'மருதம்மாள் மகள்'. ஃப்ரேமில் எந்தப் பக்கமும் காலியாகத் தெரியவில்லை.

ஒரு சரணம் போனதும் அப்புசாமி அண்ணன் அழைத்தார். அவர் மைதானத்தில் ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அம்மிணி, என்னுங்க இது? பூராவும் அந்தப் புள்ளையே தெரியுது?"

"ரௌட்டரு நின்னுருச்சுங்கண்ணா. யூனிட் ஆபீசுக்கு ஆள அனுப்புங்க. ரௌட்டருக்கு வயர் இழுக்கோணும்."

அனுப்பினார். அதைச் சொல்லியாக வேண்டும், அவரே ஓடியிருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். கொஞ்ச நேரத்தில் மைதானக் காட்சி என் முன்னோட்டத் திரையில் திரும்பி வந்தது. அங்கே தனி ஜெனரேட்டரில் ஓடிய மைக் செட் நின்றிருக்கவில்லை. அவர்கள் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். நீ இன்னும் கிளிப்பாட்டில் இருந்தாய், கடைசிச் சரணத்துக்கு முந்தியது.

மறுபடியும் ஃபோன். "வந்துருச்சல்லங்க? மாத்துங்க."

"பாட்டு முடியட்டுங்க."

"ஏனுங்க அம்மிணி, இத்தனை பேரு இங்க ஆடறாங்க..."

"தெரியுதுங்கண்ணா. எங்கம்மாவும் ஆடறாங்க. இவ பாடி முடிக்கட்டும். பாதியில அறுக்கமாட்டனுங்க."

அவர் ஃபோனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. இரண்டு பேரும் பேசாமல், உன் கடைசிச் சரணம் முடியும்வரை அவரவர் இடத்தில் பார்த்துக்கொண்டிருந்தோம். நீ கடைசித் தட்டைத் தட்டிக் கையை இறக்கினாய். அப்புறம்தான் மைதானத்துக்கு மாற்றினேன். அதன் பிறகு உன்னை மூலைக்கு அனுப்பவில்லை. மற்றவர்கள் அளவுக்கே வைத்துவிட்டேன். அதைப் பற்றி யாரும் அழைக்கவில்லை.

இன்று காலை அழைத்தார். பதிவைக் குழுவில் போடுவதற்கு முன்னால் கரண்டு போன பகுதியை வெட்டிவிடலாமே என்றார். வெட்டினால் அரங்கேற்றம் நடுவில் நின்றுபோனது போலத் தெரியுமுங்க, நிற்கவில்லையே என்றேன். "அந்தப் புள்ளைக்கு எல்லாப் பாட்டும் தெரியுமுங்களா?" என்று கேட்டார். தெரியுமுங்க என்றேன். சரி, உங்க இஷ்டம் என்று வைத்துவிட்டார். அவர் மனம் மாறிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். பதிவு முழுசாகப் போய்விட்டது. அது எனக்குப் போதும்.

நான் மார்தட்டிக்கொள்கிற ஆள் இல்லை, உனக்குத் தெரியும். நேற்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருக்கிறது. உன்னை நினைத்தால் நிறைய.

அம்மா மைதானத்திலிருந்து வந்து, கால் கழுவாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். உன் பகுதியை மட்டும் போடச் சொன்னாள். முடிந்ததும் மறுபடி போடு என்றாள். மூன்றாவது தடவை முடிந்ததும் தீர்ப்புச் சொன்னாள்: "எல்லாஞ் செரி. எல்லாரும் வலது கால முன்ன வெச்சா இவ எடது கால வெக்கறா. சுத்தறதும் எதிர்ப்பக்கமாச் சுத்தறா. ஆரு சொல்லிக் குடுத்தாங்க இவளுக்கு? வரச் சொல்லு. நேர்ல நிக்க வெச்சுத்தான் திருத்தோணும்."

அவள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

அக்கா


பெர்த்
9 ஏப்ரல் 2025

அக்கா,

காட்சி எப்போது திரும்பி வந்தது என்று எனக்குத் தெரியாது. கேரேஜில் நான் ஒருத்திதான். காதில் ஒன்றும் கேட்கவில்லை. நிறுத்தினால் மறுபடி அந்தத் தாளத்தில் ஏற முடியாது என்று பயந்துதான் பாடினேன். நீ என்னை முழுத்திரையில் போட்டிருக்கிறாய் என்பது, வீரணன் சமையலறையிலிருந்து ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து கதவோரம் நின்று அழுததைப் பார்த்துத்தான் தெரிந்தது. போடியில் ஆயம்மாள் அண்டை வீட்டுக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு வைத்துப் பார்த்தாராம்.

மருதம்மாள் மகள் என்பதைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். பதில் இன்னும் நீண்டுகொண்டுதான் போகிறது. நேரில் சொல்கிறேன்.

அம்மாவின் தீர்ப்புக்கு என் மேல்முறையீடு. சொல்லிக் கொடுத்தது நீ. மாதக்கணக்கில் உன் அறையில் ஆடினாயே, அந்தக் கேமராவில் 'ஃப்ளிப்' என்ற இடத்தில் ஒரு டிக் இருக்கும், போய்ப் பார். கண்ணாடியில் தெரிவது போல உன்னைத் திருப்பிக் காட்டியிருக்கிறது. அறையில் எழுத்து எதுவும் இல்லாததால் உனக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நீ வலது காலை வைத்தாய், நான் இடது காலைக் கற்றுக்கொண்டேன். ஒரு பாட்டு இல்லை, எல்லாப் பாட்டும். டிக்கை எடுத்துவிடு, அடுத்து கற்றுக்கொள்கிறவர்களாவது பிழைக்கட்டும்.

மே கடைசியில் விடுமுறை கிடைத்திருக்கிறது. நானும் வீரணனும் வருகிறோம். ஊட்டுக்குத்தான் வருகிறோம் என்று அம்மாவிடம் சொல்.

காலை மாற்றிக்கொள்ளச் சொல்லாதீர்கள். உடம்பு பழகிவிட்டது, இனி மாறாது. பக்கத்தில் நின்று ஆடினால்தானே தப்பாகத் தெரியும்? நான் அம்மாவுக்கு எதிரில் நிற்கிறேன். அவள் வலது காலை வைக்கும் பக்கமே என் இடது காலும் வந்துவிடும்.

வினி